ஹெட்போனைக் கழற்றியது ஏன்?

"காப்பி அடிச்சிருக்கா சார். ஆதாரத்தோட சொல்றேன்." அறிவியல் டீச்சர் விடைத்தாளைத் தலைமையாசிரியரின் மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

குற்றவாளி எட்டாம் வகுப்பு மாணவி. கழுத்தில் ஹெட்போனுடன் சுவரோரம் நின்றாள். அறிவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அச்செழுத்துதான் அவளைக் கண்டால் இடம் மாறி ஆட்டம் காட்டும்.

அதனால் கேள்வித்தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டும் சாஃப்ட்வேரை ஒரு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்காகப் பள்ளிக்கூடத்துப் படியைத் தேய்த்த அவள் அம்மா, தையல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"என்னம்மா ஆதாரம்?" என்றார் தலைமையாசிரியர்.

"மொத ரெண்டு கேள்வி இவளா எழுதினது. ரெண்டும் தப்பு. அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் ஹெட்போனைக் கழட்டிக் கழட்டி மாட்டினா. அதுக்கப்புறம் எல்லாமே சரி. பின் பெஞ்சுல யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"கேள்வித்தாள் முன்னாடியே வெளிய போயிருக்குமோ?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. "என் கம்ப்யூட்டரைத் தாண்டாது சார். விடையைக்கூட கேள்விக்குக் கீழயே வெள்ளை எழுத்துல அடிச்சு வெச்சிருவேன். திருத்தும்போது கறுப்பாக்கிப்பேன். பிரிண்ட் எடுத்தா ஒரு புள்ளி தெரியாது. இவ லேப்டாப்புலயும் நானேதான் ஏத்தினேன்." சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை.

"அப்போ சாஃப்ட்வேரை எடுத்துரலாம். இனிமே எல்லாரையும் போலத் தாளைப் பாத்தே எழுதட்டும்."

அம்மா பதறி மகள் பக்கம் திரும்பினார். தாளைப் பார்த்து எழுதிய காலத்தில் மகள் வாங்கிய மார்க்கை வெளியே சொல்ல வாய் கூசும்.

"வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டி. எதுக்குக் கழட்டின?"

மகள் டீச்சரை ஒருமுறை பார்த்தாள். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். "சொன்னா மிஸ் கோவிச்சுக்குவாங்கம்மா."

"கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு," என்றார் டீச்சர், கோபமாக.

"கேள்வியப் படிச்ச கையோட அது விடையையும் படிக்குது மிஸ். மொத ரெண்டுமே தப்பாச் சொல்லிச்சு, நானா யோசிச்சு எழுதினேன். இத நம்பினா உருப்பட மாட்டோம்னு கேள்வி முடிஞ்சதும் கழட்டிட்டேன்."