காணாமல் போகும் மீன்

“ஐயையோ, இன்னிக்கும் என் சாப்பாட்டைக் காணோம்! பொரிச்ச சாம்போ மீன், முள்ளைக்கூட மிச்சம் வைக்கலை!” குழந்தைகள் புற்றுநோய் வார்டே அதிரக் கத்தினாள் நர்ஸ் தமண்டானி. மலாவி நாட்டின் பிளான்டையர் நகரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் மூன்று வாரமாகத் தினமும் இதே கூச்சல்தான்.

“அலமாரியைப் பூட்டித் தொலைங்களேன் சிஸ்டர்,” என்று எரிச்சலானார் டாக்டர் கும்வெண்டா. அவர் கவலை அவருக்கு. வார்டிலிருந்த ஆறு வயதுச் சிறுமி யாங்கோ, கஞ்சி, முட்டை, வேர்க்கடலை விழுது என்று எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுவாள். எடை இறங்கிப்போய், கீமோ மருந்தையும் குறைக்க வேண்டியதாகிவிட்டது.

இன்று அவளை எடை மெஷினில் நிறுத்தினால், ஒரு கிலோ கூடியிருந்தாள்! மெஷினைச் சந்தேகப்பட்டுக் குனிந்த டாக்டரின் மூக்கில், அவள் கையிலிருந்து மீன் வாசனை அடித்தது.

நர்ஸைத் தனியே இழுத்துப்போனார். “இன்னிக்கு முழு அளவு மருந்தே கொடுத்துடலாம். ஆனா சிஸ்டர், உங்க மீனைத் திருடினது...”

“உஷ்! கொடுத்தா துப்புறா, திருடினா திங்கிறா. அவளுக்காகத்தான் தினமும் வைக்கிறேன்,” என்றாள் தமண்டானி. “கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிருச்சு டாக்டர். நாளைக்கு உங்க சாப்பாட்டைக் காணோம்னு நீங்க கத்துங்க!”