பாதியில் நின்ற இடிப்பு

“வீட்டை இடிக்க ஆரம்பிச்சா முடிக்கத் தெரியணும். சிலருக்கு எல்லாமே அரைகுறைதான்.”

துணி உலர்த்தியபடி அவள் இதைச் சொன்னது கொடியில் தொங்கிய சட்டையிடம். கேட்க வேண்டியவர் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் புருஷனின் அண்ணன். பாகப்பிரிவினையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜாடைப் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

புருஷனுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை. பழைய சுவரை இடிக்கிற தூசியில் பூஞ்சை இருக்கும். அது நுரையீரலில் இறங்கினால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பக்கத்து வீட்டில் அப்போதுதான் பின்கட்டை இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனாலும் அந்த மனுஷனிடம் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொண்டு வந்தாள்.

வந்து பார்த்தால் சம்மட்டிச் சத்தமே இல்லை. கூரை போன பின்கட்டைப் பிளாஸ்டிக் தாளால் இழுத்து மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. மேஸ்திரி கோபித்துக்கொண்டு போய்விட்டாராம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கடவுள் நம் பக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் அந்த வீடு வாளி வாளியாக ஒழுகியது. அதைப் பற்றியும் சட்டையிடம் ஏதோ சொன்னாள்.

ஒருவழியாக நேற்று, இனிமேல் பயமில்லை, மாஸ்க்கைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் வாசலில் நின்று காற்று வாங்கினார். அவள் அழுதேவிட்டாள்.

இன்று காலை, பின்கட்டில் சம்மட்டி இறங்கியது.

அவள் ஓடினாள். ஜாடையெல்லாம் மறந்துபோயிற்று.

“உங்க தம்பி இப்பத்தான் பொழைச்சு எழுந்திருக்கார். இத்தனை நாள் சும்மா கெடந்துட்டு, இன்னைக்குத்தான் இடிக்கணுமா?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. பேசியது மேஸ்திரியிடம்.

“டாக்டர்கிட்ட நேத்தே கேட்டாச்சுன்னு சொல்லுப்பா. அன்னைக்கு நிறுத்தச் சொன்னவரே இப்ப இடிக்கலாம்னுட்டாரு. அப்படியும் பயமா இருந்தா நிறுத்திடு. இன்னொரு மழைக்கு ஒழுகினா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது.”