தலை சுற்றாமலிருக்க

என் மனைவி ஒரு வெள்ளைக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணை இமைக்காமல் பார்த்தபடி சுழன்றுகொண்டிருந்தாள்.

மண்டபக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் செபக்கூட்டத்துக்குப் போவதாகத்தான் செலீன் சொல்லுவாள். நகரத்தின் கிழக்கு முனையிலுள்ள ரூஜிலிருந்து மேற்கு முனை ரெக்ஸ்டேல் வரைக்கும் கார் ஓடிப்போய் யாராவது செபம் செய்வார்களா? பையில் செபமாலைக்குப் பக்கத்தில் மெத்தென்ற அடியுள்ள புதுச் சப்பாத்து வேறு. இன்றைக்குப் பின்னாலேயே வந்துவிட்டேன்.

மேடையில் ஒருவர் ஃபிடில் வாசித்தார். பக்கத்தில் ஒரு பெண் பாஞ்சோவை மீட்டினாள். இன்னொருத்தி மைக்கில் அடுத்த அடி என்னவென்று கூவிக் கூவிச் சொன்னாள்.

என் முகத்தைச் செலீன் ஒருநாளாவது அப்படிப் பார்த்திருப்பாளா? முப்பது வருசக் குடும்பம் போச்சு! பாய்ந்துபோய் அந்த ஆறடிக்காரனின் சட்டையைப் பிடிக்கத்தான் நினைத்தேன்.

"என்ன றெமிஜியஸ் அண்ணை, நீங்களும் வந்திட்டியளோ?"

அலெக்ஸாண்டர். எங்கள் கோவில் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவன். பூசை முடிந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"உது அமெரிக்கன் ஆக்களின்ர பழைய கிராமத்து ஆட்டம் அண்ணை. ஃபிடில் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துக்காரர் கொண்டுவந்தது. பாஞ்சோ ஆபிரிக்காவில இருந்து அடிமையாப் பிடிச்சுக்கொண்டு வந்த சனத்தின்ர. எல்லாம் கலந்துதான் இந்த ஆட்டம். வரிசை நகர நகர எல்லாரோடயும் ஒருக்காச் சுத்தவேணும். சுத்தேக்க எதிர நிக்கிற ஆளின்ர கண்ணைப் பாக்கவேணும், இல்லாட்டித் தலை சுத்தி விழவேண்டியதுதான்!"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். ஆறடிக்காரன் இப்போது ஒரு கிழவியின் கண்ணை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான். செலீன் ஒரு மொட்டைத்தலையரைப் பார்த்தாள், பிறகு தாடிவைத்த ஒரு பெடியனை. எல்லாரையும் ஒரே மாதிரித்தான்.

அட விசரா! என்னை நானே திட்டிக்கொண்டேன். அவளுக்கு ஆட ஆசை. சொன்னால் நான் கத்துவேன் என்று பயந்து செபத்தைச் சாட்டியிருக்கிறாள், பாவம். அலெக்ஸாண்டரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

அடுத்த பாட்டுக்குத் துணையில்லாத ஒரு பெண் வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

என்னை ஒருமுறை பார்த்தான். தயங்கினான். பிறகு போய் வரிசையில் நின்றான்.

செலீன் இன்னும் என்னைக் காணவில்லை. நான் கதவோடு ஒட்டிக்கொண்டு, சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எவ்வளவு வடிவாக ஆடுகிறாள்!

வரிசை நகர்ந்தது. அவள் மேடைப் பக்க முனையிலிருந்து வந்தாள், அலெக்ஸாண்டர் மற்ற முனையிலிருந்து வந்தான். இருவரும் வந்த வழியெல்லாம் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தே சுற்றினார்கள்.

நடுவில் சந்தித்தார்கள். அவன் கை அவள் முதுகில் பட்டது.

செலீன் தரையைப் பார்த்தாள். வீட்டில் அவனுக்குத் தேத்தண்ணி நீட்டும்போதும் அப்படித்தான் பார்ப்பாள், கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

அவன் கூரையைப் பார்த்தான்.

சுற்றி முடிந்தபோது இரண்டு பேருக்கும் கால் தடுமாறியது.