பதினோரு விநாடி

“நூறு வருஷம் தாங்கும்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? பதினேழு வருஷத்துலயே பல்லை இளிச்சிடுச்சு!”

கடைக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாக அந்தம்மா டி.வி.டி.யை மேஜைமேல் வைத்தாள். வீடியோக்காரருக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. மறக்கக்கூடிய வீடா அது?

அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் அவர் மனைவிதான் லைட் பிடிப்பாள். இந்தம்மா கல்யாணத்தில் கேமராவுக்கு முன்னாலேயே பொத்தென்று விழுந்து வைத்தாள். விழுந்தவள் சும்மா எழுந்து போயிருக்கலாம். மணப்பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

டிஸ்க் கொடுத்த மறுநாளே ஆள் வந்துவிட்டது. “எங்க வீட்டுக் கல்யாணத்துல லைட்டுக்காரிக்கு என்ன சிரிப்பு? வெட்டி எடுத்துட்டு வேற டிஸ்க் தரணுமாம்.”

அவருக்குச் சுருக்கென்றது. மனைவியோ, “வெட்டிக் கொடுங்களேன், நானென்ன கதாநாயகியா?” என்று அதற்கும் சிரித்தாள்.

வெட்டினார். ஒரிஜினல் டேப்பை வழக்கம்போல் அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தினார். வெட்டாத காப்பி ஒன்று கடை ஷோகேஸில் கிடந்தது. நூறு வருஷம் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பித்தானே அவரும் ஊருக்கெல்லாம் சொன்னார்!

போன வருஷம் மனைவி போய்விட்டாள். அந்தக் காப்பியை எடுத்துப் போட்டால், சுற்றியது, சுற்றியது, படமே வரவில்லை. கண்ணாடி வழியாக வெயில் பட்டுப் பட்டு, உள்ளேயிருந்த சாயம் வெளுத்துப் போயிருந்தது.

ஆயிரம் குடும்பத்தைப் படம் பிடித்தவரிடம் சொந்தப் பெண்டாட்டி நடமாடுகிற படம் ஒன்றுகூட இல்லை. போட்டோ இருக்கிறது. போட்டோ பேசுமா?

“ஓரமா எங்கேயாவது என் சம்சாரம் தெரியுறாளா பாருங்களேன்” என்று பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போன் போட்டார். எங்கேயும் இல்லை. இந்த வீட்டுக்கு மட்டும் போடவில்லை. வெட்டாததை அப்போதே தூக்கிப் போட்டிருப்பார்கள்; வெட்டின டிஸ்கில் என்ன இருக்கப்போகிறது?

இப்போது என்னடாவென்றால் அந்த வீட்டம்மாவே சண்டைக்கு வந்து நிற்கிறாள்!

வேண்டாவெறுப்பாக வாங்கிப் பிளேயரில் போட்டார். பளிச்சென்று ஓடியது. எங்கே கெட்டிருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போனவர் சட்டென்று கையை எடுத்தார்.

திரையில் மனைவி விழுந்தாள். எழுந்தாள். சேலையைத் தட்டிக்கொண்டே, “என்ன கண்ணு, நான் விழுந்ததுக்காவது சிரிக்க மாட்டியா?” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. மொத்தம் பதினோரு விநாடி.

மறுபடி போட்டார். மறுபடியும். மூன்றாம் தடவை அவருக்குத் திரையே தெரியவில்லை.

“இது வெட்டாத டிஸ்காச்சேம்மா... இதுல ஒரு குறையும் இல்லையே?”

“தெரியும்ணே. எங்க சித்தி பொண்ணுக்குப் போன் பண்ணி, அவ கல்யாண வீடியோவுல அண்ணி தெரியுறாங்களான்னு கேட்டீங்களாமே. சும்மா கொண்டுவந்து கொடுத்தா அழுதுடுவேனோன்னு, சண்டை போட்டுக்கிட்டே வந்தேன்.”

“நீங்கதானேம்மா அவ சிரிச்சதை வெட்டச் சொன்னீங்க?”

“வெட்டச் சொன்னது மாமியார். இதைக் குப்பையில போடச் சொன்னாங்க. நான் துணியில சுத்தி பீரோவுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். மனசு சரியில்லாதப்போ எடுத்துப் போட்டுப் பார்ப்பேன்.”

“அவ தவறி விழுந்ததைப் பார்க்கவா?”

“தவறி விழலைண்ணே. அம்மாவை விட்டுப் போறோமேன்னு நான் அழுதது அத்தனை பேர்ல அவங்க கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது. ‘உன்னைச் சிரிக்க வைக்கணும்னே விழுந்தேன், என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதே’ன்னு அப்புறமா என் காதுல சொன்னாங்க.”