நோயாளியின் முதல் சொல்

இனி நோயாளியின் சொல்லே வேதவாக்கு, அதை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, அரசு மருத்துவமனைகளில் வாழைமரம் கட்டிக் கொண்டாடினார்கள். நோயாளி முதலில் சொல்வதை இயந்திரம் பதிவு செய்துகொள்ளும். அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் வெறும் பேச்சு.

அமலோற்பவத்துக்கு மூன்று வாரமாக நெஞ்சில் வலி. "போனதும் நெஞ்சு வலிக்குன்னு மட்டும் சொல்லணும்மா" என்று மகள் ஜெயசீலி வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அமலோற்பவம் முகத்துக்குப் பவுடர் போட்டு, நல்ல சேலையாக உடுத்தியிருந்தார்.

இயந்திரம் கனிவாகக் கேட்டது: "வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க சௌக்கியமா?"

பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த டாக்டர் கையை விரித்தார். "அவங்களே சொல்லிட்டாங்களேம்மா. நான் மறுத்தா என் வேலை போயிரும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே வந்ததும் ஜெயசீலி கத்தினாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!"

"ஏட்டி, அவ்வளவு மரியாதையா கேக்காங்க. எடுத்த எடுப்புல வலிக்குன்னா சொல்ல முடியும்?"

சாலையைக் கடந்தால் பேருந்து நிறுத்தம். அதற்குள் அமலோற்பவம் மூன்று முறை உட்கார்ந்தார். மூன்றாவது முறை நடுரோட்டில்.