மண்ணுக்குரிய முதல் துண்டு

ஆகஸ்ட் முதல் நாளின் மாலை வெயிலில், அறுவடை முடிந்த, இங்கிலாந்தின் டெவன் குன்றின் கோதுமை அரிதாள்கள் மின்னுகின்றன. முதல் அறுவடைக்கு நன்றி சொல்லும் சடங்குக்காக, மண்ணை வழிபடும் சூனியக்காரிகளின் குழு கூடியிருக்கிறது. கல்மேடையில் கதிரில் பின்னிய பொம்மையும் பளபளப்பான கடை ரொட்டியும் இருக்கின்றன. டாம்சின் தன் ரொட்டியை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். வீட்டுத் தோட்டத்தில் அவளே விதைத்து, அறுத்து, அரைத்துச் சுட்டது. ஒரு பக்கம் கருகியிருக்கிறது. "அத பையிலயே வைடி, போட்டோவுல அசிங்கமா இருக்கும்," என்கிறாள் குழுவின் தலைவி க்ளெனிஸ், பச்சை அங்கியை நீவியபடி. "அறுவடைக்கு நன்றி சொல்ல வந்திருக்கோம். நீங்க எத அறுத்தீங்க அம்மணி, பிளாஸ்டிக் கவரையா?" என்கிறாள் டாம்சின். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, இருமுவதுபோல் நடிக்கிறார்கள். கண்ணாடிக் குப்பிக்குள் மெழுகுவர்த்தி படபடக்கிறது. க்ளெனிஸ் கடை ரொட்டியைத் தூக்கி, கேமராவைப் பார்த்து ஒரு கடி கடிக்கிறாள். மண்ணுக்குப் போகவேண்டிய முதல் துண்டு அவள் கன்னத்தில் உப்புகிறது. டாம்சினின் காதுமடல் கொதிக்கிறது. அவள் அரிதாள்களுக்கிடையே மண்டியிட்டுத் தன் ரொட்டியைப் பிய்க்கிறாள். கருகிய மேலோடு சடக்கென்று உடைகிறது. மென்மையான உள்துண்டை மண்ணைக் கிளறிப் புதைக்கிறாள். "நீயாவது பசியோட இருக்காத," என்கிறாள் மண்ணிடம். பிறகு, தங்களுக்கும் ஒரு துண்டு கேட்டு நீண்டுவரும் மற்றவர்களின் கைகள் எதையும் பாராமல், கருகிய பக்கத்தைத் தானே கடிக்கிறாள்.