மகன் பிழிந்த ஷிராஸ்

நிலவறையில் இருப்பவர்கள் மூவர்: போன மாதம் மகனைப் பறிகொடுத்த திராட்சைத் தோட்டத்துப் பெரியவர், அவருடைய மருமகள், வைன் தரகர். ருசி பார்ப்பது முதிர்ந்த கொடிகளின் ஷிராஸ் என்னும் சிவப்பு வைன், மகன் தனியாகப் பிழிந்த ஒரே பீப்பாய். கோப்பையில் விளக்கொளி கருஞ்சிவப்பாகத் தேங்கி நிற்கிறது. தரகர் வாயில் சுழற்றி, தொழில் வழக்கப்படி வாளியில் துப்புகிறார். "நல்லாக் கனிஞ்ச பழம், மிளகுக் காரம், நாக்கை விட்டுப் போகவே மாட்டேங்குது. உங்க கைப்பக்குவம் அப்படியே இருக்குங்க ஐயா." "என் கை படவே இல்ல. சீசாவில அவன் பேர்தான் வரணும்." "நீங்களும் பாருங்க மாமா," என்று மருமகள் கோப்பையை நீட்டுகிறாள். ஆயுள் முழுக்கத் துப்பியே ருசி பார்த்தவர், முதுகு வளையாமல் நின்று ஒரு வாய் எடுக்கிறார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருக்கிறார்.

அன்று பெரியவர் அழுதார் என்று வெளியே பேச்சு. அழவில்லை. துப்ப மனம் வராமல் விழுங்கினார், அவ்வளவுதான்.